யாருடைய அளவுக்குச் செய்த நாற்காலி?

1.
சக்கர நாற்காலியில் இருப்பவர்களைப் பார்த்தால் நம்ம ஊரில் எல்லாரும் சொல்லும் ஒரு அறிவுரை உண்டு. "கொஞ்சம் நிமிர்ந்து உட்காருப்பா."

அம்மா சொல்வார், பக்கத்து வீட்டு மாமா சொல்வார், ஓ.பி.யில் சில சமயம் டாக்டரும் சொல்வார். கேட்டவர் ஒரு நிமிஷம் நிமிர்வார். ரெண்டாவது நிமிஷம் பழையபடி சரிந்துவிடுவார். "சொன்னா கேக்க மாட்டேங்கிறான்" என்று நாமும் விட்டுவிடுவோம்.

அவர் சரிவதற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. பெரும்பாலும் அந்த நாற்காலிதான் காரணம். அது ஏன் அப்படிச் செய்யப்பட்டது, யாருக்காகச் செய்யப்பட்டது, அதை மாற்ற வேலூரிலும் சென்னையிலும் என்ன நடந்தது என்பதுதான் இந்த இழை. கொஞ்சம் நீளம். வீட்டில் வீல்சேர் பயன்படுத்துபவர் இருந்தால் கடைசி வரை படிங்க, அளவெடுக்கும் முறையும் இருக்கு.

2.
முதலில் ஒரு சின்ன சோதனை. இப்போ உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலேயே உங்க இடுப்பை ஒரு சாண் முன்னால் நகர்த்துங்க. முதுகை மட்டும் பின்னால் சாய்ச்சுக்குங்க.

உங்க முதுகு இப்போ வில் மாதிரி வளைந்திருக்கும். தலை முன்னால் வந்திருக்கும். இடுப்பை நகர்த்தாமல் இப்படியே நிமிர்ந்து பாருங்க. முடியும், ஆனா சில நொடிதான். வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும்.

இடுப்பெலும்புதான் முதுகுத்தண்டுக்கு அஸ்திவாரம். அது பின்னால் சரிந்தால் முதுகு கூனும். ஒரு பக்கம் இறங்கினால் முதுகு பக்கவாட்டில் வளையும். அஸ்திவாரம் சாய்ந்திருக்கும்போது மேல்மாடியை நேராக நிற்கச் சொல்லிப் பயனில்லை.

3.
உங்களுக்குப் பிடித்து நிறுத்தத் தசை இருக்கு. முதுகுத்தண்டில் அடிபட்டவருக்கு, தசைச்சிதைவு நோய் உள்ளவருக்கு, பெருமூளை வாதம் உள்ள குழந்தைக்கு அந்தத் தசை வேலை செய்யாமல் இருக்கலாம், பாதி வேலை செய்யலாம், ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யலாம்.

அப்போ அவர் என்ன செய்வார்? இடுப்பை முன்னால் தள்ளி, முதுகை வளைத்து, சாய்மானத்தில் சாய்ந்து, விழாமல் ஒரு நிலையைக் கண்டுபிடிப்பார். நாம் கூன் என்று சொல்வது, அவர் உடல் கீழே விழாமல் இருக்கச் செய்துகொண்ட ஏற்பாடு. அதைவிட நல்ல ஏற்பாட்டை நாற்காலி கொடுக்காதவரை அவர் அங்கேதான் திரும்பப் போவார்.

4.
"கூன் விழுந்தா விழட்டும், உயிருக்கா ஆபத்து?" என்று கேட்கலாம். ஆபத்துதான்.

இடுப்பு பின்னால் சரிந்தால் உடல் எடை வால் எலும்பின் மேல் இறங்கும். அங்கே சதை குறைவு. உணர்ச்சியும் இல்லையென்றால் வலி தெரியாது. அழுத்தப்புண் வரும். புண் எலும்பு வரை போய், கிருமி ரத்தத்தில் கலந்தால் உயிர் போகும்.

மார்பு அமுங்கி மூச்சின் ஆழம் குறையும். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்கக் கழுத்தைத் தூக்கித் தூக்கிக் கழுத்து வலி வரும். வளரும் வயதில் முதுகுத்தண்டு பாதித்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு முதுகு பக்கவாட்டில் வளையும். முதலில் கையால் நேராக்கக்கூடிய வளைவு, வருஷம் போகப் போக இறுகி, பிறகு அறுவை சிகிச்சை கேட்கும்.

5.
இப்போ வரலாறுக்கு வருவோம்.

இரண்டாம் உலகப் போர் வரைக்கும் முதுகுத்தண்டு முறிந்தவரை மருத்துவ உலகம் கிட்டத்தட்டக் கைவிட்டிருந்தது. படுக்கையில் போடுவார்கள். அழுத்தப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் சேர்ந்து பெரும்பாலோரை முதல் சில மாதங்களிலேயே கொண்டுபோய்விடும்.

இதை மாற்றியவர் லுட்விக் குட்மன். நாஜிகளிடமிருந்து தப்பி 1939-ல் இங்கிலாந்து வந்த யூத நரம்பியல் மருத்துவர். 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் முதுகுத்தண்டுப் பிரிவைத் தொடங்கினார். அவர் கொண்டுவந்த மருந்து விலை உயர்ந்தது இல்லை. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நோயாளியைப் புரட்டிப் போடு. ராத்திரி பகல் பார்க்காதே. புண் வரக் கூடாது. அப்புறம் படுக்கையிலிருந்து எழுப்பி உட்கார வை.

6.
1948 ஜூலை 29. லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாளில், குட்மன் தன் மருத்துவமனைப் புல்வெளியில் 16 வீல்சேர்க்காரர்களை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். பாராலிம்பிக் போட்டிகளின் வேர் அதுதான்.

வில்வித்தையை விளையாட்டாக மட்டும் பார்க்காதீங்க. வில்லை இழுக்கத் தோள் வேணும், முதுகு வேணும், உட்கார்ந்த இடத்தில் சமநிலை வேணும். உடற்பயிற்சியைப் போட்டியாக மாற்றி வைத்திருந்தார்.

குட்மன் ஆட்களை உட்கார வைத்துவிட்டார். ஆனா எதன்மேல் உட்கார வைத்தார்? இங்கேதான் நம்ம கதையின் அடுத்த பாத்திரம் வருது.

7.
அமெரிக்காவில் ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்று ஒரு சுரங்கப் பொறியாளர். சுரங்க விபத்தில் நடக்க முடியாமல் போனவர். அக்காலத்து வீல்சேர் மரத்தில் செய்த பெரிய சோபா மாதிரி இருக்கும், காரில் ஏற்ற முடியாது. அவருடைய நண்பர் ஹாரி ஜென்னிங்ஸும் பொறியாளர். ரெண்டு பேரும் சேர்ந்து 1930களின் தொடக்கத்தில் இரும்புக் குழாயில், பெருக்கல் குறி மாதிரி ரெண்டு தண்டு வைத்து, மடக்கக்கூடிய நாற்காலியைச் செய்தார்கள்.

பெரிய விஷயம், சந்தேகமே இல்லை. வீல்சேர்க்காரர் ஒருவர் தன் நாற்காலியோடு காரில் போக முடிந்தது. இன்னிக்கும் நம்ம ஆஸ்பத்திரி வராண்டாவில் நிற்கும் நாற்காலியின் பாட்டன் இதுதான்.

8.
ஆனா மடக்கணும் என்றால் சீட்டு பலகையாக இருக்க முடியாது. துணியோ ரெக்சினோதான் கட்டணும். முதுகுச் சாய்மானமும் அதேதான்.

புதுசில் இழுத்துக் கட்டியிருக்கும். ஆறு மாசத்தில் தொய்யும். தொய்ந்த சீட்டு ஒரு தூளி. தூளியில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? தொடைகள் ரெண்டும் உள்பக்கம் உருளும். இடுப்பு பின்னால் சரியும், இல்லை ஒரு பக்கம் இறங்கும். தொய்ந்த சாய்மானம் முதுகையும் அதே வளைவுக்கு வா என்று கூப்பிடும்.

தூளி குழந்தை தூங்குவதற்கு அருமையான இடம். பெரியவர் ஒருவர் பத்து மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்க்க அது ஏற்ற இடமில்லை.

9.
எவரெஸ்ட்டும் ஜென்னிங்ஸும் தொடங்கிய நிறுவனம் உலகச் சந்தையைப் பிடித்தது. பல பத்தாண்டுகள் வடிவம் பெரிதாக மாறவே இல்லை. அமெரிக்க நீதித்துறையே 1977-ல் அந்த நிறுவனத்தின் மேல் ஏகபோக வழக்குப் போட்டது.

வாங்கியவர்கள் பெரும்பாலும் மருத்துவமனைகள். அவர்களுக்கு என்ன வேணும்? யார் வேண்டுமானாலும் உட்காரலாம், யார் வேண்டுமானாலும் தள்ளலாம், மடக்கி ஸ்டோரில் வைக்கலாம், கழுவலாம். அதனால் 18 அங்குல சீட்டு, உயரமான கைப்பிடி, பின்னால் தள்ளுபவருக்குப் பிடி.

வார்டிலிருந்து எக்ஸ்ரே அறைக்குப் போகும் 10 நிமிஷத்துக்கு அது சரியான வண்டி. அந்த 10 நிமிஷ வண்டியை ஒருவருக்கு ஆயுசு முழுக்கக் கொடுத்ததுதான் பிரச்சினை. உட்கார்ந்திருப்பவரைக் கேட்டு வடிவமைத்த நாற்காலி அது இல்லை.

10.
இனி நம்ம பக்கம். சென்னையிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர், வேலூர்.

டாக்டர் மேரி வர்கீஸ். கேரளத்தின் கொச்சிப் பகுதியில் 1925-ல் பிறந்தவர். வேலூர் சி.எம்.சி.யில் படித்து அங்கேயே பணியாற்றிய இளம் மருத்துவர். 1954-ல் ஒரு கார் விபத்து. முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. வயது 30கூட ஆகவில்லை.

அப்போது அங்கே தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் திருத்திக்கொண்டிருந்தவர் டாக்டர் பால் பிராண்ட். கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம். அந்த வழியில் மேரி வர்கீஸ் மீண்டும் அறுவை அரங்குக்குள் வந்தார். இந்தத் தடவை வீல்சேரில்.

11.
இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நில்லுங்க.

தசைநாரை எடுத்து வேறு இடத்தில் தைக்கும் நுட்பமான வேலை. ரெண்டு கையும் வேணும். உடம்பை நிறுத்த ஒரு கையை ஊன்றிக்கொண்டு மறு கையால் தைக்க முடியாது.

வீல்சேரில் உட்காரும் நிலை பற்றி நான் சொல்ல வருவதில் பாதி இதிலேயே இருக்கு. இடுப்பும் முதுகும் நாற்காலியில் நிலையாக நின்றால் கைகள் விடுதலையாகும். நிற்காவிட்டால் கை ஊன்றுகோலாகிவிடும். ஒரு கையை எப்போதும் கைப்பிடியில் ஊன்றியபடி சாப்பிடும் பிள்ளையை நீங்க பார்த்திருக்கலாம். அந்தப் பிள்ளைக்குக் கை ரெண்டு, ஆனா பயன்பாட்டில் இருப்பது ஒண்ணு. நிமிர்வது அழகுக்காக இல்லை, அந்த இன்னொரு கைக்காக.

12.
மேரி வர்கீஸ் அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மறுவாழ்வுச் சிகிச்சை பெற்றார். அப்புறம் நியூயார்க் போய், மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடி ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் பயிற்சி எடுத்தார். திரும்பி வந்து வேலூரில் அந்தத் துறையை வழிநடத்தினார். 1966-ல் பாகாயத்தில் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் எழுந்தது. இந்தியாவில் இந்த வகையில் அதுதான் முதல்.

1972-ல் பத்மஸ்ரீ. 1986-ல் மறைந்தார். வீல்சேரில் இருந்த ஒருவரே வீல்சேர் மருத்துவத்தை நம்ம மாநிலத்தில் நிலைநாட்டினார் என்பதை மருத்துவ மாணவர்களிடம் இன்னும் உரக்கச் சொல்லணும்.

13.
அதே காலத்தில் மெட்ராஸின் பெரிய பிரச்சினை போலியோ.

போலியோ காலை மட்டும் தாக்கும் என்று பலர் நினைக்கிறோம். உடம்பின் நடுப்பகுதித் தசைகளையும் தாக்கும், அதுவும் ஒரு பக்கம் அதிகமாக, மறுபக்கம் குறைவாக. வலுவான பக்கம் இழுக்க இழுக்க முதுகு வளையும்.

துர்காபாய் தேஷ்முக் 1937-ல் சென்னையில் தொடங்கிய ஆந்திர மகிளா சபா, அடையாறில் ஈஸ்வரி பிரசாத் தத்தாத்ரேயா எலும்பியல் மையத்தை நடத்தியது. போலியோ பாதித்த குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை, காலிப்பர், பயிற்சி. அக்காலத்து நோக்கம் எப்படியாவது நடக்க வைப்பது. நல்ல நோக்கம்தான். ஆனா நடக்கவே முடியாத பிள்ளை எப்படி உட்காரணும் என்ற கேள்வி பின்வரிசையில்தான் இருந்தது.

14.
அந்தக் கேள்வியை முன்வரிசைக்குக் கொண்டுவந்தது பெருமூளை வாதம் உள்ள குழந்தைகள். பூனம் நடராஜன் 1985-ல் சென்னையில் தொடங்கிய ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி, இன்று கோட்டூர்புரத்தில் வித்யா சாகர்.

பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்கு உட்காரும் நிலைதான் எல்லாவற்றுக்கும் வாசல். தலை நிலையாக நிற்காவிட்டால் கண் பலகையில் நிற்காது. உடம்பு சரிந்திருந்தால் விழுங்குவது கஷ்டம், புரையேறும். பேச்சுக்கு மூச்சு போதாது. இடுப்பைப் பெல்ட் போட்டு நிறுத்தி, பக்கத்தாங்கி வைத்து, பாதத்துக்குப் பலகை கொடுத்தால் அதே பிள்ளை படத்தைக் கை நீட்டிக் காட்டும். சரியான இருக்கை இல்லாமல் "இவனுக்குப் புத்தி இல்லை" என்று எத்தனை பிள்ளைகளை ஒதுக்கியிருப்போம்!

15.
இன்னொரு பக்கம், அரசு. கான்பூரில் அலிம்கோ நிறுவனம் 1972-ல் உருவாகி, 1976-ல் உற்பத்தியைத் தொடங்கியது. 1981 முதல் ஒன்றிய அரசின் உதவி உபகரணத் திட்டம். முகாம் போட்டு வீல்சேரும் மூன்று சக்கர வண்டியும் கொடுத்தார்கள், கொடுக்கிறார்கள்.

இதை நான் குறைத்துப் பேச மாட்டேன். தரையில் தவழ்ந்து போனவர்களை, அம்மா இடுப்பிலேயே 15 வயது வரை இருந்தவர்களை, அந்த நாற்காலிதான் தெருவுக்குக் கொண்டுவந்தது.

ஆனா முகாமில் கணக்கு எண்ணிக்கையில்தான். எத்தனை நாற்காலி கொடுத்தோம் என்று ரிப்போர்ட்டில் வரும். எத்தனை பேருக்கு அளவு சரியாக இருந்தது என்று வராது. 12 வயசுப் பெண்ணுக்கும் 80 கிலோ ஆளுக்கும் ஒரே 18 அங்குலம்.

ரங்கநாதன் தெருவில் தள்ளுபடிச் சட்டை வாங்கினாலும் "சைஸ் என்ன சார்?" என்று கேட்கிறார்கள். கழற்றிப் போடும் சட்டைக்கு இருக்கும் மரியாதை, ஒருவர் நாள் முழுக்க உடம்போடு ஒட்டி வாழும் நாற்காலிக்குக் கிடைக்கவில்லை.

16.
வெளியே உலகம் மாறத் தொடங்கியதும் ஒரு வீல்சேர்க்காரரால்தான். 1978-ல் கலிபோர்னியாவில் கிளைடர் விபத்தில் அடிபட்டவர் மர்லின் ஹாமில்டன். கொடுத்த நாற்காலியின் எடையைப் பார்த்து எரிச்சலானார். கிளைடர் செய்யும் ரெண்டு நண்பர்களிடம் அதே அலுமினியக் குழாயில் ஒரு நாற்காலி செய்யச் சொன்னார். சுமார் 12 கிலோ. "குவிக்கி" பிறந்தது.

எடை மட்டும் குறையவில்லை. இறுக்கமான சட்டம், குட்டைச் சாய்மானம், அவரவர் அளவுக்கு மாற்றக்கூடிய அச்சு. உட்காருபவர் தானே தள்ளிக்கொண்டு போவதற்கான வண்டி. எவரெஸ்ட், குட்மனின் வீரர்கள், மேரி வர்கீஸ், ஹாமில்டன். பயன்படுத்துபவரின் குரல் வந்த இடத்தில்தான் நாற்காலி நகர்ந்திருக்கு.

17.
2006 நவம்பரில் பெங்களூரில் ஒரு சர்வதேச மாநாடு. வளரும் நாடுகளுக்கு எப்படிப்பட்ட வீல்சேர் வேணும் என்பதுதான் பேச்சு. அதன் தொடர்ச்சியாக 2008-ல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டி நூல் வெளியிட்டது.

அது சொன்னது: வீல்சேர் என்பது தூக்கிக் கொடுக்கும் பொருள் இல்லை, ஒரு சேவை. மொத்தம் 8 படிகள். அனுப்பி வைத்தல், பரிசோதித்து அளவெடுத்தல், பரிந்துரைத்தல், நிதியும் ஆர்டரும், நாற்காலியைத் தயார் செய்தல், பொருத்திப் பார்த்தல், பயிற்சி, தொடர் கண்காணிப்பு.

முகாம் மேடையில் மாலையோடு நடப்பது இதில் எத்தனையாவது படி என்று யோசித்துப் பாருங்க.

18.
இப்போ அடையாறு பக்கம். ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையில் மறுவாழ்வுக் கருவிகளுக்கென டிடிகே மையம் இயங்குது. 2019 நவம்பரில் "அரைஸ்" வந்தது. உட்கார்ந்திருப்பவர் தானே நிற்கும் நிலைக்கு மாறக்கூடிய வீல்சேர். சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் தயாரித்தது.

அடுத்து, அங்கிருந்து கிளம்பிய நியோமோஷன் நிறுவனத்தின் "நியோஃப்ளை". 18 விதமாக ஆளுக்கேற்ப அளவு மாற்றலாம். 2025 ஜூலையில் "வொய்டி ஒன்", வெறும் 9 கிலோ.

நிற்கும் நாற்காலி பற்றி ஒரு எச்சரிக்கை. பல வருஷம் நிற்காதவருக்கு எலும்பு மெலிந்திருக்கும், திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் இறங்கும். மருத்துவர் பார்த்த பிறகுதான் நிற்கணும்.

19.
சரியான நாற்காலி கிடைத்துவிட்டது. வாசலுக்கு வெளியே?

மயிலாப்பூர் மாட வீதியில் வீல்சேரோடு ஒரு சுற்றுப் போய்ப் பாருங்க. நடைபாதை தெருவைப் பார்த்துச் சரிந்திருக்கும். நாற்காலி அந்தப் பக்கமே இழுக்கும். நேராகப் போக ஒரு கையால் மட்டும் தள்ளி, உடம்பை மறுபக்கம் சாய்க்கணும். தினமும் அப்படிச் சாய்ந்தால் முதுகு அந்தச் சாய்வைப் பழகிக்கொள்ளும். குழியில் விழும் ஒவ்வொரு அதிர்ச்சியும் நேராக முதுகுத்தண்டுக்குத்தான் போகும், நடுவில் தாங்க முழங்கால் கிடையாது.

அதனால்தான் 2019-ல் பாண்டி பஜாரில் திறந்த அகல நடைபாதையை அலங்காரமாக மட்டும் நான் பார்க்கவில்லை. சமமான தரை என்பது முதுகுக்கு மருந்து.

20.
2022 நவம்பரில் மெரினாவில் மரப்பாதை திறந்தது. 263 மீட்டர். வாழ்நாளெல்லாம் சென்னையிலேயே இருந்தும் அலையில் கால் நனைக்காதவர்கள் அன்னிக்குக் கடல் ஓரம் வரை போனார்கள். ரெண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து அதைச் சேதப்படுத்தியது, பிறகு சரிசெய்தார்கள். பெசன்ட் நகர் கடற்கரையிலும் பாதை வந்தது.

தாழ்தளப் பேருந்துக்காக மாற்றுத்திறனாளிகள் வருஷக்கணக்கில் உயர் நீதிமன்றப் படி ஏறினார்கள். 2024 ஆகஸ்டில் அவை ஓடத் தொடங்கின. இதிலும் முதுகுத்தண்டு இருக்கு: உயரமான படிக்கட்டில் ரெண்டு பேர் அக்குளைப் பிடித்துத் தூக்கும்போது தோள் மூட்டு இழுபடும், முதுகு முறுக்கப்படும். சாய்தளம் இருந்தால் யாரும் யாரையும் தூக்க வேண்டாம். சாய்தளத்துக்கும் கணக்கு உண்டு, ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம். கடை வாசலில் செங்குத்தாகப் போட்ட பலகை சாய்தளம் இல்லை.

21.
இனி வீட்டு வேலை. தையல் டேப் ஒண்ணு எடுங்க. நிலையான இருக்கையில் அவரை உட்கார வைத்து அளங்க.

• சீட்டு அகலம்: இடுப்பின் அகலமான இடம். உட்கார்ந்த பிறகு ரெண்டு பக்கமும் ஒரு விரல் நுழைந்தால் போதும். அதிக அகலம் என்றால் ஒரு பக்கம் சரிவார்.
• சீட்டு ஆழம்: பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து, ரெண்டு மூணு விரல் குறைக்கணும். ஆழம் அதிகமானால் முழங்கால் இடித்து இடுப்பு முன்னால் வழுக்கும். கூனுக்கு ரொம்பச் சாதாரணமான காரணம் இதுதான்.
• கால் பலகை: தொடை முழுக்க சீட்டில் படியணும். பலகை உயர்ந்தால் எடை எல்லாம் உட்காரும் எலும்பில் இறங்கும். தாழ்ந்தால் உடம்பு வழுக்கும்.
• சாய்மானம்: உடம்பை நிறுத்தும் தசை இருப்பவருக்குத் தோள்பட்டை எலும்புக்குக் கீழே முடியலாம், கை வீசித் தள்ள வசதி. தசை குறைந்தவருக்கு உயரம் கூட வேணும்.

22.
சீட்டு தொய்ந்திருக்கா? முதலில் அதை இழுத்துக் கட்டுங்க, இல்லை கீழே ஒரு உறுதியான பலகை வைத்து மேலே மெத்தை போடுங்க. வெறும் பலகை மட்டும் வைக்கவே கூடாது.

மெத்தை சரியா என்று பார்க்க ஒரு எளிய சோதனை. அவர் உட்கார்ந்திருக்கும்போது, உட்காரும் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் உங்க விரல்களை விடுங்க. விரல் நுனியைக் கொஞ்சம் மேலும் கீழும் அசைக்க முடிந்தால் நல்லது. அசைக்க முடியாமல் நசுங்கினால் மெத்தை போதாது, மாத்தணும். ரெண்டு பக்கமும் பாருங்க. ஒரு பக்கம் மட்டும் நசுங்கினால் இடுப்பு அந்தப் பக்கம் இறங்கியிருக்கு.

நடுவில் ஓட்டை வைத்த காற்று டியூப் வேண்டாம். அது ஓட்டையைச் சுற்றி ரத்த ஓட்டத்தை நெரிக்கும்.

23.
வளைவு ஏற்கெனவே வந்துவிட்டதா? ஒரு பிரிவு முக்கியம். இடுப்பைக் கையால் மெதுவாக நேராக்கினால் வருதா, வரவில்லையா?

வருது என்றால் இடுப்பை நிறுத்தி, பக்கத்தாங்கி கொடுத்து, நேரான நிலைக்குக் கொண்டுவரலாம். வரவில்லை என்றால் எலும்பும் தசையும் இறுகியிருக்கு. அதை அழுத்தி நேராக்கப் போனால் புண்ணும் வலியும்தான் மிஞ்சும். அந்த வளைவுக்கு ஏற்ப இருக்கையைச் செய்து, மேலும் வளையாமல் தாங்கணும். இந்தப் பரிசோதனையைப் பிசியோதெரபிஸ்ட்டோ பி.எம்.ஆர். மருத்துவரோ செய்யட்டும், வீட்டில் பலம் காட்டாதீங்க.

24.
எவ்வளவு நல்ல நாற்காலியானாலும் அசையாமல் இருந்தால் ஆபத்து. 15 முதல் 30 நிமிஷத்துக்கு ஒரு தடவை எடையை மாற்றணும். மேசையில் கை வைத்து முன்னால் குனியலாம், இடம் வலம் சாயலாம். ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 2 நிமிஷம். கையை ஊன்றி நொடி நேரம் எம்பி உட்கார்ந்தால் சதைக்கு ரத்தம் திரும்ப நேரம் போதாது, தோளும் தேயும். அறுபத்து மூவர் உற்சவத்தில் நாலு மணி நேரம் ஒரே இடத்தில் இருந்தாலும் போனில் அலாரம் வையுங்க.

தினமும் ராத்திரி கண்ணாடி வைத்துப் பின்புறம் பாருங்க. அரை மணி நேரம் படுத்த பிறகும் மறையாத சிவப்போ கருமையோ இருந்தால், அது சரியாகும் வரை அந்த இடத்தில் எடை போடக் கூடாது, மருத்துவரைப் பாருங்க. புதுசா ஒரு பக்கச் சரிவு, கூடிக்கொண்டே போகும் தசை இறுக்கம், கையில் புதிய மரத்துப்போதல், மூச்சு வாங்குதல். இவையும் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்.

25.
எங்கே போகலாம்? சென்னையில் கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவமனை, அரசு மருத்துவக் கல்லூரிகளின் பி.எம்.ஆர். பிரிவு. வெளியே வர முடியாதவருக்கு 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வரும். உதவி உபகரணங்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்.

வாங்கும் முன் தொட்டுப் பார்க்கணுமா? காமராஜர் சாலையில் மாற்றுத்திறனாளிகள் நல ஆணையரக வளாகத்தில் 2022-ல் திறந்த "மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ்" இருக்கு. உபகரணங்களைப் பார்த்து, முயன்று பார்க்கலாம்.

விண்ணப்பத்தில் "வீல்சேர் வேண்டும்" என்று மட்டும் எழுதாதீங்க. சீட்டு அகலம், ஆழம், கால் பலகை உயரம், மெத்தை என்று அளவோடு எழுதுங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்குப் பிறகு இது சலுகை கேட்பது இல்லை.

26.
கடைசியா, தானம் செய்யும் நல்ல உள்ளங்களுக்கு. பிறந்தநாளுக்கு 10 வீல்சேர் கொடுக்கலாம் என்று நினைக்கிறீங்களா? அஞ்சு கொடுங்க. மீதிப் பணத்தில் அளவெடுக்க ஒரு பிசியோதெரபிஸ்ட், நல்ல மெத்தை, ஆறு மாசம் கழித்து ஒரு சரிபார்ப்பு. அந்த அஞ்சு பேரும் உங்களை மறக்க மாட்டார்கள்.

மற்ற எல்லாருக்கும்: அடுத்த தடவை "நிமிர்ந்து உட்காருப்பா" என்று சொல்ல வாய் வரும்போது, கொஞ்சம் குனிந்து அவர் உட்கார்ந்திருக்கும் சீட்டைப் பாருங்க. தொய்ந்திருக்கா, அகலமா இருக்கா, கால் பலகையில் பாதம் படியுதா? அதைச் சரிசெய்து கொடுங்க. நிமிர்வதை அவர் பார்த்துக்கொள்வார்.

தேவைப்படும் ஒருவருக்காவது இதைப் பகிருங்க.